குட்டி யானையா, டிராக்டர் பெட்டியா?

நாள் முழுக்க ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு ஃபைலை ஏற்றி இறக்கும் ஆசாமியிடம் வந்து லோடு வண்டி வாங்க யோசனை கேட்பார்களோ? என் மச்சினன் கேட்பான். ஆதிச்சநல்லூர்க்காரன்.

"அத்தான், குட்டி யானை எடுக்கட்டுமா, இல்ல அப்பா டிராக்டருக்குப் பின்னால மாட்டுத மாதிரி ஒரு பெட்டி எடுக்கட்டுமா? நீங்கதான் சொல்லணும்."

லோனுக்கு ஜாமீன் கையெழுத்தும் நான்தான் போடணும் என்பதைக் காபி குடித்து முடித்தபிறகு சொன்னான். அந்த விநாடியிலிருந்து எனக்கு இந்தச் சப்ஜெக்டில் அபார அக்கறை பிறந்துவிட்டது.

ஆதிச்சநல்லூர் என்றால் உங்களுக்கு முதுமக்கள் தாழி ஞாபகம் வரும். அந்த ஊர் லோடு அடித்த கதையும் பெரிய கதைதான். 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் வந்து தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்கே கொண்டு போய்விட்டார். இப்போது புத்தி வந்து, 2023-ல் தாழிகளை இருந்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடி போட்டு மியூசியமாக்கியிருக்கிறார்கள். சேதாரம் இல்லாத ஒரே டிரான்ஸ்போர்ட் அதுதான்!

மச்சினன் லோடு அப்படி இருந்த இடத்திலேயே இருக்க முடியாது. அது வாழைத்தார். தாமிரபரணிக் கரை முழுக்க ஏத்தன், கோழிக்கூடு, கதலி என்று வாழைதான். தார் என்பது கைக்குழந்தை மாதிரி, சார். தூக்கிப் போட்டால் அப்போது அழாது. மறுநாள் மார்க்கெட்டில் தோல் கறுத்துப் போய் நம்மை அழ வைக்கும். ஸ்பிரிங் சரியில்லாத பெட்டியில் ஏற்றினால் ரோட்டுப் பள்ளம் ஒவ்வொன்றும் பட்டுவாடா ஆன மணியார்டர் மாதிரி முழுசாக அதுக்குப் போய்ச் சேரும். போதாததற்கு, திருநெல்வேலி 24 கிலோமீட்டர். டிராக்டர் போகிற வேகத்துக்கு ஏலம் முடிந்து, கூட்டிப் பெருக்கி, தண்ணீர் தெளிக்கிற நேரத்துக்குப் போய்ச் சேரலாம்.

குட்டி யானை அந்த வேலைக்கென்றே பிறந்தது. 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது அதற்கு இரண்டே சிலிண்டர், 16 குதிரை சக்தி. சுமார் முக்கால் டன் ஏற்றலாம். லாரி எட்டிப் பார்க்க முடியாத சந்துக்குள் போய்த் திரும்பியும் வந்ததால் ஜனங்களே பேர் வைத்தார்கள்.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு குட்டி யானைதானே என்கிறீர்களா? பொறுங்கள். பெட்டிக்கு ஒரு பெரிய குணம் உண்டு. அது காத்திருக்கும். தோப்பில் கழற்றி விட்டுவிட்டு டிராக்டர் உழவுக்குப் போய்விடலாம். ஆட்கள் ஆற அமரக் காபி குடித்து, கதை பேசி, எருவை ஏற்றி முடித்தபிறகு வந்து கொக்கியை மாட்டினால் போதும். குட்டி யானையில் ஆட்கள் ஏற்றி முடிக்கிற வரை இன்ஜின், டிரைவர், லோன் தவணை மூன்றும் சும்மா நிற்கும். வைக்கோல், எரு, செங்கல் மாதிரி கனத்த சமாசாரத்துக்கெல்லாம் பெட்டிதான் ராஜா. செலவும் குறைவு, டிராக்டர் ஏற்கெனவே வீட்டில் நிற்கிறதே!

ஆனால் பாரம் வைக்கத் தெரியணும். இரண்டு சக்கரப் பெட்டியில் முன்பக்கம் அளவுக்கு மீறி அடுக்கினால் டிராக்டர் மூக்கைத் தூக்கும். ஸ்டியரிங் சும்மா சுற்றும். பின்பக்கம் குவித்தால் கொக்கியே மேலே இழுக்கும். பின் சக்கரம் பிடி விடும். ரிவர்ஸ் எடுப்பதோ தனிக் கலை. பெட்டி இடது பக்கம் போகணும் என்றால் ஸ்டியரிங்கை முதலில் வலது பக்கம் ஒடிக்கணும். கல்யாணமான ஆண்களுக்கு இந்த டெக்னிக் சீக்கிரம் பிடிபடும்.

சட்டமும் கொஞ்சம் கேட்டுக்கொள்ளுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. விவசாயத்துக்கென்று பதிந்த டிராக்டரில் வாடகைக்குச் செங்கல் அடித்தால், விபத்து நடந்த அன்றைக்கு இன்சூரன்ஸ்காரர் நிறையக் கேள்வி கேட்பார். ஒரு நல்ல சேதி: சாதாரண கார் லைசென்ஸே 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கும் செல்லும் என்று 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆபீஸ் வேலை போனாலும் நமக்கு ஒரு வழி இருக்கிறது!

இந்த இடத்தில் மாமியார் உள்ளே வந்தார்.

"எதை வாங்கினா என்ன மாப்பிள்ளை, ஆவணித் திருவிழாவுக்குத் திருச்செந்தூர் எல்லாரும் அதுலயே ஏறிப் போயிரலாம்லா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சரக்கு வண்டியின் பின்னால் ஆள் ஏற்றக்கூடாது, பெட்டியிலும் கூடாது. தார் உருண்டால் தோல்தான் கறுக்கும். குடம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாட்டியும் மடியில் இருக்கும் குழந்தையும் உருண்டால்? அதற்கப்புறம் நஷ்ட ஈடு கேட்டுக் கோர்ட்டுக்கு நடக்கணும். "அது ஒண்ணுக்கு மட்டும் சம்மதிச்சா கையெழுத்து, இல்லேன்னா இல்லை" என்று சொல்லிவிட்டேன்.

மச்சினனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, போன வருஷம் எந்த மாசம் என்ன லோடு, எத்தனை நடை என்று எழுதச் சொன்னேன். முனகிக்கொண்டே எழுதினான். எரு, வைக்கோல் எல்லாம் சேர்ந்து மூன்று வாரம்கூட வரவில்லை. வாழை மட்டும் பக்கம் பக்கமாகப் போனது.

"அத்தான், அந்த மூணு வாரத்துக்குப் பெட்டியை வாடகைக்கு எடுத்துக்கிடுதேன்" என்றான் தானாகவே.

குட்டி யானை வந்துவிட்டது. திருச்செந்தூருக்கு வாழைத்தார் கொண்டு போகும் முதல் நடையிலேயே டிரைவர் பக்கத்து ஸீட்டை மாமியார் பிடித்துக்கொண்டார். அதில் டிரைவரைத் தவிர ஒரே ஒரு ஸீட்தான். மாமனார் பின்னாலேயே பஸ்ஸில் போனார்.