காந்தமும் டீசல் சிக்கனமும்



டீசல் குழாயில் காந்தம் மாட்டினால் மைலேஜ் 20 சதவீதம் கூடும் என்ற விளம்பரங்களை நம்பி லாரி உரிமையாளர்கள் பணத்தை இழப்பது வேதனையானது. நல்ல நிலையிலுள்ள இன்ஜினில் செலுத்தப்படும் டீசலில் ஏறத்தாழ 98 சதவீதம் எரிந்துவிடுகிறது. கரும்புகையில் தெரியும் கரி எடையில் மிகச் சொற்பம். சக்தி வீணாவது சைலென்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறும் வெப்பத்தால். குழாயில் கட்டிய காந்தம் அதை எப்படித் தடுக்கும்? டீசலின் மூலக்கூறுக் கொத்துகளைக் காந்தம் பிரிக்கிறது என்று விற்பவர்கள் தரும் விளக்கமும் நிற்காது. டீசலின் ஹைட்ரோகார்பன்கள் காந்தப்புலத்துக்கு அசைந்துகொடுப்பதே அரிது.

மாட்டிய பிறகு மைலேஜ் கூடியது என்று சொல்லும் ஓட்டுநர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் காந்தம் ஏறும் அன்றே பில்டர் மாறுகிறது, டயரில் காற்று சரிபார்க்கப்படுகிறது, கணக்குப் பார்க்கும் ஓட்டுநரின் கால் ஆக்சிலரேட்டரில் நிதானமாகிறது. பலன் இவற்றால் வந்திருக்கலாமே! அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 100-க்கும் மேற்பட்ட சிக்கனக் கருவிகளை ஆராய்ந்தது. மிகச் சிலவற்றால் மட்டுமே சிறிதளவு பலன். காந்தங்கள் அவற்றில் சேரவில்லை. இங்கே விற்பவர்கள் புனேயின் வாகன ஆராய்ச்சி நிறுவனம் போன்ற ஒன்றின் சோதனை அறிக்கையைக் காட்டிவிட்டு விற்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்