கடன்பட்டோரைத் துரத்தும் தொலைபேசி அழைப்புகள்

பொழுது புலர்வதற்கு முன்னரே ஒலிக்கத் தொடங்கும் தொலைபேசி, இன்று எமது நாட்டின் பல வீடுகளில் உறவினரின் நலன் விசாரிப்பாக இருப்பதில்லை. தவணைப் பணம் எங்கே என்று அதட்டும் குரலாகவே அது இருக்கின்றது. அழைப்புக்குப் பதிலளிக்காவிடின் வேறோர் இலக்கத்திலிருந்து மறு அழைப்பு வருகின்றது. அதற்கும் பதில் கிடைக்காவிடின் பிணை நின்றவருக்கும், வேலைத்தலத்திற்கும், சில வேளைகளில் அயலவருக்கும் அழைப்புச் செல்கின்றது. பட்ட கடனை விட அக்கடன் ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற அச்சமே பெருஞ்சுமையாகி நிற்கும் குடும்பங்கள் வடக்கு, கிழக்கு, மலையகம், தெற்கு என்ற வேறுபாடின்றி எங்கும் காணப்படுகின்றன.

வாங்கிய கடனைத் திருப்பிச் செலுத்தவேண்டும் என்பதில் இருவேறு கருத்துகளுக்கு இடமில்லை. நிதி நிறுவனங்கள் கடனாக வழங்கும் பணத்தில் சாதாரண மக்களின் வைப்புகளும் அடங்கியுள்ளன. கடன் மீளக் கிடைக்காவிடின் அந்த வைப்பாளர்களே பாதிக்கப்படுவர். ஆனால், கடனை அறவிடுவதற்கான உரிமை, கடன்பட்டவரை அவமானப்படுத்துவதற்கான உரிமையாகிவிடாது. தவணை தவறுவது ஒரு குடியியல் விவகாரம். அதற்கு எந்த நீதிமன்றமும் விதித்திராத தண்டனையைத் தொலைபேசியூடாக ஒரு முகவர் விதிப்பதை எவ்வாறு ஏற்றுக்கொள்ள முடியும்?

இப்பிரச்சினை நேற்று இன்று தோன்றியதொன்றல்ல. 2009ஆம் ஆண்டு யுத்தம் முடிவுற்ற பின்னர், வாழ்வாதாரத்தை இழந்து நின்ற வடக்கு, கிழக்கு மக்களின் வாசலுக்கே நுண்கடன் நிறுவனங்கள் சென்றன. குடும்பத் தலைமையை ஏற்றிருந்த பெண்களே அவற்றின் பிரதான வாடிக்கையாளர்களாகினர். 2018ஆம் ஆண்டு இலங்கைக்கு வருகை தந்த, வெளிநாட்டுக் கடனும் மனித உரிமைகளும் தொடர்பான ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி, நுண்கடன்களுக்கு 220 சதவீதம் வரையிலான வட்டி அறவிடப்படுவதையும், அறவிட வருவோரின் உளரீதியான, உடல்ரீதியான வன்முறைக்குப் பெண்கள் ஆளாவதையும், பாலியல் ரீதியான நிர்ப்பந்தங்கள் பிரயோகிக்கப்படுவதையும் சுட்டிக்காட்டியிருந்தார். அதே ஆண்டில், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. எனினும், 2021 மார்ச் 8ஆம் திகதி, சர்வதேச மகளிர் தினத்தன்று, பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடவில் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகத்தில் அமரவேண்டியேற்பட்டது. பாதிப்பின் வேர் அறுபடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அடுத்த ஆண்டே பொருளாதார நெருக்கடி வந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தது. வருமானம் அவ்வாறே இருக்க, அரிசியினதும் எரிபொருளினதும் விலைகள் பன்மடங்காகின. ஒழுங்காகத் தவணை செலுத்திவந்த முச்சக்கரவண்டிச் சாரதியும் சிறுகடை உரிமையாளரும் ஆசிரியரும்கூட நிலுவைக்காரர்களாகினர். இவர்கள் ஏமாற்றும் நோக்கோடு கடன் பெற்றவர்களல்லர்.

இங்கு ஓர் உண்மையை நாம் மறந்துவிடலாகாது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை அரசே தனது வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. தன்னால் இயலவில்லை என்று கூறிய அரசுக்கு அவகாசம் கிடைத்தது, பேச்சுவார்த்தை நடந்தது, கடன் மறுசீரமைக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில், நீதிமன்றத் தீர்ப்பின்றிச் சொத்துகளை ஏலத்தில் விற்பதற்கு வங்கிகளுக்குள்ள ‘பராட்டே’ அதிகாரமும் தொழில் முயற்சியாளர்களின் நலன் கருதித் தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டது. இவை தவறென்று நாம் கூறவில்லை. நாட்டுக்கும் தொழில் நிறுவனத்துக்கும் பொருந்தும் அந்த நியாயம், ஐம்பதாயிரம் ரூபா கடன்பட்ட தாய்க்கு மட்டும் ஏன் பொருந்தாது என்பதே எமது கேள்வியாகும்.

ஓயாத அழைப்புகள் ஏன் வருகின்றன என்பதையும் விளங்கிக்கொள்ளவேண்டும். நீதிமன்றத்தை நாடுவதற்குச் செலவும் காலமும் தேவை. தொலைபேசி அழைப்புக்கோ செலவு சொற்பம், பலன் உடனடியானது. பல கடன்களில் சிக்கியுள்ள ஒருவர், கையிலுள்ள சிறு தொகையை எவருக்கு முதலில் கொடுப்பார்? வட்டி கூடிய கடனுக்கோ, நியாயமான கடனுக்கோ அல்ல. அதிகம் தொல்லை கொடுப்பவருக்கே கொடுப்பார். இதனால் கண்ணியமாக நடந்துகொள்ளும் நிறுவனம் பின்தள்ளப்படுகின்றது, அதட்டுபவர் இலாபமடைகின்றார். ஏனையோரும் அதட்டக் கற்றுக்கொள்கின்றனர். பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கும் வயோதிபரின் மருந்துக்கும் வைத்திருந்த பணம் அழைப்புகளை நிறுத்துவதற்கே செலவாகின்றது. அதுவும் போதாதபோது, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் வாங்கப்படுகின்றது. பொறி மேலும் இறுகுகின்றது.

சட்டமே இல்லை என்று கூறுவதற்கில்லை. கடன் வழங்கும் நிறுவனங்கள் நீதிமன்றத்தினூடாக விரைவாக அறவிடுவதற்கு 1990ஆம் ஆண்டின் கடன் அறவீட்டு விசேட ஏற்பாடுகள் சட்டம் உள்ளது. அச்சுறுத்தலும் பாலியல் தொந்தரவும் தண்டனைச் சட்டக்கோவையின்கீழ் குற்றங்களாகும். மத்திய வங்கி 2023ஆம் ஆண்டில் வெளியிட்ட நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள், அதன் மேற்பார்வைக்கு உட்பட்ட நிறுவனங்கள் வாடிக்கையாளரைத் துன்புறுத்திக் கடன் அறவிடுவதற்கு இடமளிக்கவில்லை.

ஆயினும், வலையில் ஓட்டைகள் உள்ளன. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் வைப்புகளை ஏற்கும் நிறுவனங்களையே பிரதானமாகக் கருத்திற்கொண்டது. சொந்தப் பணத்தைக் கடனாகக் கொடுத்து வாரந்தோறும் அறவிடுவோர் அதன் பிடிக்குள் அகப்படவில்லை. கையடக்கத் தொலைபேசிச் செயலிகளூடாகக் கடன் கொடுப்போர், கடன்பட்டவரின் தொலைபேசியிலுள்ள தொடர்பிலக்கங்களையே ஆயுதமாக்கும் நிலையும் உருவாகியுள்ளது. இதனைத் தடுக்க உதவக்கூடிய தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டிலேயே நிறைவேற்றப்பட்டது. ஆனால், அதன் முக்கிய ஏற்பாடுகள் நடைமுறைக்கு வரவேண்டிய திகதி 2025ஆம் ஆண்டில் பிற்போடப்பட்டது.

வேறு நாடுகள் இதற்குத் தெளிவான எல்லைகளை வகுத்துள்ளன. இந்திய ரிசர்வ் வங்கி, காலை 8 மணிக்கு முன்னரும் மாலை 7 மணிக்குப் பின்னரும் கடன் அறவீட்டு அழைப்புகளை மேற்கொள்ளலாகாது என 2022 ஓகஸ்டில் அறிவுறுத்தியது. அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டுமுதல் இதற்கெனத் தனிச்சட்டம் உண்டு. அதன்கீழ் 2021ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த விதியின்படி, ஒரு கடன் தொடர்பில் ஏழு நாட்களுக்குள் ஏழு தடவைக்கு மேல் அழைப்பது சட்டமீறலாகவே அனுமானிக்கப்படுகின்றது. எமது நாட்டிலும் அழைப்புக்குரிய நேரத்தையும் எண்ணிக்கையையும் திட்டவட்டமாக வரையறுப்பதில் என்ன தடை இருக்கமுடியும்?

அதுவரை கடன்பட்டோரும் தம்மைக் காத்துக்கொள்ளவேண்டும். தொலைபேசியை நிறுத்தி வைப்பதும் இலக்கத்தை மாற்றுவதும் தீர்வாகா. கடன் கணக்கின் கூற்றை எழுத்தில் கோரிப் பெறுவதும், இயலக்கூடிய தவணைத் தொகையைக் குறிப்பிட்டு நிறுவனத்திற்குக் கடிதம் அனுப்பி அதன் பிரதியை வைத்திருப்பதும் அவசியமாகும். அழைப்பு வந்த திகதி, நேரம், இலக்கம், பேசப்பட்ட விடயம் ஆகியவற்றைக் குறித்துவைக்கவேண்டும். பற்றுச்சீட்டின்றி எவரிடமும் பணம் கையளிக்கலாகாது. முதலில் நிறுவனத்திடமே முறையிடவேண்டும். அதற்குப் பரிகாரம் கிடைக்காவிடின் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அணுகலாம். நிதி ஒம்புட்ஸ்மனிடமும் முறையிடலாம். அச்சுறுத்தல் விடுக்கப்படின் பொலிஸ் நிலையத்தை நாடத் தயங்கக்கூடாது.

இவை யாவும் தமிழ் பேசும் மக்களுக்குத் தமிழிலேயே கிடைக்கவேண்டும் என்பதையும் வலியுறுத்த விரும்புகின்றோம். விளங்காத மொழியில் அச்சிடப்பட்ட ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவர், தனது உரிமை எதுவென்று அறிந்திருக்க வாய்ப்பில்லை. அவ்வாறானவரை அச்சுறுத்துவதும் எளிது.

ஆகவே, உரிமம் பெற்றவர், பெறாதவர் என்ற பேதமின்றிக் கடன் கொடுக்கும் சகலரையும் கட்டுப்படுத்தும் அறவீட்டு ஒழுக்கக்கோவை கண்டிப்பாக அமுல்படுத்தப்படவேண்டும். முகவர் செய்யும் தவறுக்கு அவரை அனுப்பிய நிறுவனமே பொறுப்பேற்கவேண்டும். மூன்றாம் ஆட்களுக்குக் கடன் விபரத்தை வெளியிடுவது தண்டனைக்குரியதாக்கப்படவேண்டும். கடனாளிகளின் தேசமாக நின்று உலகிடம் அவகாசம் கேட்ட அரசு, அதே அவகாசத்தைக் கேட்டு நிற்கும் தனது பிரஜையின் குரலுக்குச் செவிசாய்க்கக் கடமைப்பட்டுள்ளது.