பல்லைக் கடிச்சிக்கிட்டு வேலை பாருங்க!

ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகள் பலவற்றில் வருடாந்திர ஹெல்த் செக்கப் என்றால் ரத்தம் எடுப்பார்கள், ஈ.சி.ஜி. எடுப்பார்கள். வாயைத் திறக்கச் சொல்ல மட்டும் ஆள் கிடையாது. குரூப் இன்சூரன்ஸ் இன்னும் வேடிக்கை. பெரும்பாலான பாலிசிகளில் விபத்தில் பல் உடைந்தால்தான் பணம், சொத்தைக்குப் பைசா பெயராது.

சின்னச் சொத்தையை ஒரே சிட்டிங்கில் அடைத்துவிடலாம். விட்டால் ரூட் கேனால், 2, 3 நாள் லீவு, ஆயிரக்கணக்கில் செலவு. அதுவரை? ராத்திரி தூங்காமல், கன்னத்தைப் பிடித்தபடி கோடிங் செய்கிறவரை அட்டெண்டன்ஸ் 'பிரசன்ட்' என்றுதான் காட்டும். அவர் விட்ட பிழையைத் திருத்த அடுத்த ராத்திரி இன்னொருவர் கண்விழிக்க வேண்டும்!

ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது கஷ்டம்; சர்க்கரை ஏறினால் ஈறு இன்னும் கெடும். சர்க்கரைக்காக வருஷா வருஷம் ஊசி குத்தும் எச்.ஆர். புண்ணியவான்கள், கூடவே ஒரு பல் டாக்டரையும் உட்காரவைத்தால் என்ன குறைந்துவிடும்?