முடக்குவாதமும் பத்தியமும்

நமது கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெண்ணுக்குக் கைவிரல் மூட்டுகள் வீங்கி, காலையில் விரலை மடக்க முடியாமற் போனால், அவளிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி "என்னத்தைத் தின்றாய்?" என்பதேயாகும். உருளைக்கிழங்கு வாயு, தயிர் குளிர்ச்சி, கத்தரிக்காய் ஆகாது என்று ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லிவிடுகின்றார்கள். அதற்கும் வீக்கம் வற்றாவிட்டால் ஏழரைச் சனி, முன்வினை என்று காரணம் ஆகாயத்துக்குப் போய்விடுகின்றது. பருப்புப் போய், பால் போய், முட்டை போய், கடைசியில் அவள் வட்டிலில் ரசமும் சோறுமே மிஞ்சுகின்றன. வீக்கம் மாத்திரம் போவதில்லை.

சாப்பாட்டின்மேல் பழி போடுவது எவ்வளவு சுலபம் என்பதற்கு 2006ஆம் வருஷத்துச் சங்கதி ஒன்றே போதும். அவ்வருஷம் சிக்குன்குனியா சுரம் வந்து ஜனங்கள் மாதக்கணக்கில் மூட்டு வலியால் குனிந்து நடந்தார்கள். நாடு முழுவதும் சுமார் 13.9 லட்சம் பேர் இந்நோய் கண்டவர்களாகக் கணக்கிடப்பட்டார்கள். பெயரில் "சிக்கன்" போன்ற ஓசை இருந்த ஒரே காரணத்தால், கோழிக்கறி தின்றதால் வந்தது என்று பலர் கோழியை நிறுத்தினார்கள். அச்சொல்லோ ஆப்பிரிக்காவின் மக்கொண்டே பாஷையில் வலியால் உடம்பு வளைவதைக் குறிப்பது. நோயைப் பரப்பியது கொசு. கோழியை நிறுத்தியவர்களில் எத்தனை பேர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை மூடினார்கள் என்று கேட்கின்றோம்.

நிற்க, முடக்குவாதம் என்பது என்ன? வெளியிலிருந்து வரும் கிருமிகளை எதிர்ப்பதற்காக நம் உடம்பில் உள்ள காவற்சக்தியே ஆள் தெரியாமல் மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதுதான். காவற்காரனே வீட்டுக்காரனை அடிப்பது போன்ற இந்நோய்க்குச் சனியும் காரணமல்ல, சாம்பாரும் காரணமல்ல. டில்லிக்கு அருகிலுள்ள கிராமங்களில் எடுத்து 1993இல் வெளியிட்ட கணக்குப்படி, வயது வந்தவர்களில் 1000 பேருக்கு 7, 8 பேரிடம் இது காணப்பட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று பங்கு அதிகமாக வருகின்றது. பீடி, சிகரெட் குடிப்பதும் இந்நோய்க்கு வழி செய்யும் என்பது நன்றாய் ருசுவான விஷயம். ஆனால், "என்ன தின்றாய்?" என்று பெண்சாதியைக் கேட்பவர் தம் வாயிலுள்ள பீடியைப் பற்றி யாரும் கேட்கச் சம்மதிப்பதில்லை!

அப்படியானால் உணவுக்கும் மூட்டுக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், இல்லையென்று நாம் சொல்லவில்லை. ரத்தத்தில் யூரிக் அமிலம் மிகுந்து கால் பெருவிரல் வீங்கும் நோய்க்கு ஈரலும், மாமிசமும், பீரும் தூண்டுதலாகும். கோதுமை ஒவ்வாத சீலியாக் என்ற குடல் நோயிலும் மூட்டு வலி வருவதுண்டு. ஆனால், 2016இல் வெளியான ஆய்வின்படி அந்நோய் வடநாட்டில் நூற்றுக்கு ஒருவருக்கும், தென்னாட்டிலோ ஆயிரத்துக்கு ஒருவருக்குமே இருக்கின்றது. 1991இல் நார்வே தேசத்தில் 53 முடக்குவாதக்காரர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சில நாள் உபவாசத்துக்குப்பின் ஒவ்வொரு பண்டமாகச் சேர்த்துச் சோதித்ததில் அவர்களுக்கு ஓரளவு குணம் தெரிந்தது. ஆகவே, சிலருக்குச் சில பண்டம் ஒவ்வாமலிருக்கலாம். எல்லோருக்கும் ஒரே பத்தியம் என்பதற்குத்தான் ருசுவில்லை.

பத்தியம் பலித்தது என்பவர்களை நாம் பொய்யர்கள் என்று சொல்லவில்லை. இந்நோய் தானாகவே ஏறி, தானாகவே இறங்கும் சுபாவமுடையது. வலி உச்சிக்கு ஏறும்போதுதான் மனிதன் பத்தியம் தொடங்குகின்றான், தாயத்துக் கட்டுகின்றான், கொண்டம் மிதிப்பதாக நேர்ந்துகொள்ளுகின்றான். பிறகு அது தானே இறங்கும்போது, எதைச் செய்தானோ அதற்குப் பெருமை போய்ச் சேருகின்றது. முடக்கற்றான் கீரைக்குப் பெயரே சாட்சியாகிவிட்டது. கீரையைத் தோசையில் அரைத்துத் தின்பதில் ஆட்சேபணையில்லை; பெயரை மருந்தென்று நம்புவதில்தான் ஆட்சேபணை. இக்காலத்தில் நூறு பண்டங்களுக்கு ஒரே ரத்தச் சோதனை என்று காகிதம் விற்கின்றார்கள். அதில் பெரும்பாலும் தெரிவது நீங்கள் எதைத் தின்றிருக்கிறீர்கள் என்பதுதான். அது ஜாதகத்துக்குப் புதுச் சட்டை போட்டதேயாகும்.

எல்லாவற்றையும்விடக் கொடியது, "மூன்றே நாளில் எழுந்து நடக்கலாம்" என்று விற்கும் பெயரில்லாப் பொடி. இவ்விதப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை மருத்துவர்கள் பலமுறை கண்டிருக்கின்றார்கள். அளவோடு கொடுத்தால் அது மருந்து. அளவு தெரியாமல் மாதக்கணக்கில் தின்றால் முகம் வீங்கி, சர்க்கரை ஏறி, எலும்பு நொறுங்கும்.

இன்று இந்நோய்க்கு முதன்மையான மருந்து மெத்தோட்ரெக்சேட். 1895இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமை வகித்த லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்தில் உண்டானது. இது வாரத்துக்கு ஒரே நாள் உட்கொள்ளும் மருந்து. தவறித் தினமும் தின்றால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் உட்கொள்ளக்கூடாது. அடிக்கடி ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தோழர்களே! தடப்பள்ளி வாய்க்கால் வயலில் நாற்று நடுபவளுக்கும், மஞ்சள் அறுவடை செய்பவளுக்கும், பட்டுக்கூடு பறிப்பவளுக்கும் பத்து விரல்களே சொத்து. மூட்டு எலும்பு அரிப்பது பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்திற்குள்ளாகவே தொடங்கிவிடுகின்றது. அந்தக் காலத்தைத்தான் நாம் பத்தியத்திலும் பரிகாரத்திலும் தொலைக்கின்றோம். போன எலும்பு திரும்பி வராது.

ஆகவே, இரு கை மூட்டுகளும் வீங்கி, காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நின்று, ஆறு வாரம் கடந்தால் தாமதமின்றிக் கோபி அரசு மருத்துவமனைக்கோ, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். ஏதாவது பண்டத்தின்மேல் சந்தேகமிருந்தால், மருந்தை நிறுத்தாமல் அந்த ஒன்றை மட்டும் நான்கு வாரம் விட்டு, மறுபடி தின்று, நோட்டில் எழுதிப் பாருங்கள். இரண்டு முறை சோதித்து இரண்டு முறையும் வீங்கினால் விட்டுவிடுங்கள். வீங்காவிட்டால் அவளுடைய பருப்பையும் முட்டையையும் அவள் வட்டிலுக்கே திருப்பிக் கொடுங்கள்.