கால் தேய்ந்தவருக்கு வழி எங்கே?

எங்கள் சால் கட்டிடத்தில் கீழ் வீட்டில் ஓர் அண்ணாச்சி குடியிருக்கிறார். நெல்லைச் சீமையில் இருந்து பிழைப்புத் தேடி மும்பைக்கு வந்தவர். முதலில் மூட்டை தூக்கினார். பிறகு கிளீனர் ஆனார். பிறகு டிரைவர். இன்று கடனில் வாங்கிய ஒரு பிக்கப் வண்டிக்குச் சொந்தக்காரர். விடிவதற்கு முன் வாஷி மார்க்கெட்டில் காய்கறி மூட்டைகளை ஏற்றி, மாட்டுங்காவில் கொண்டுவந்து இறக்குவது அவர் தொழில்.

ஒருநாள் இரவு பத்து மணிக்கு அவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் ஒரு தாள் இருந்தது. இங்கிலீஷில் எழுதிய தாள் எது வந்தாலும் அதை ரயில்வே குமாஸ்தாவான என்னிடம் கொண்டுவந்து காட்டுவது எங்கள் கட்டிடத்தில் வழக்கம்.

"தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. நாளைக்கு முன்பணம் கொடுக்கணும்" என்றார்.

அது ஒரு பட்டறையின் கணக்குச் சீட்டு. வண்டியில் உள்ள கியர் பெட்டியையும் கிளட்சையும் கழற்றிவிட்டு, விபத்தில் நொறுங்கிய ஒரு காரின் தானியங்கி கியர் பெட்டியைப் பொருத்தித் தருவதாக அதில் கண்டிருந்தது. கூலியும் சாமானும் சேர்த்து 1 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய். முன்பணம் 40 ஆயிரம்.

"நல்லா ஓடுற வண்டிதானே அண்ணாச்சி, இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"வண்டி நல்லாத்தான் ஓடுது தம்பி. கால்தான் ஓட மாட்டேங்குது" என்று இடது முழங்காலைத் தடவிக் காட்டினார். மூட்டு தேய்ந்திருக்கிறது, கிளட்ச் மிதிப்பதைக் குறைத்துக்கொள் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டாராம். கிளட்ச் மிதிக்காமல் மும்பையில் எப்படி வண்டி ஓட்டுவது என்று டாக்டர் சொல்லவில்லை.

எண்ணிப் பார்த்தேன்

எதையும் கணக்கெடுத்துப் பார்த்துவிட்டுப் பேசுவது குமாஸ்தாவின் குணம். மறுநாள் எனக்கு வார விடுமுறை. அண்ணாச்சியின் வண்டியில் ஏறி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன். வேகனில் மூட்டை ஏற்றும்போது நான்கு கோடு போட்டு ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுப்பார்களே, அதைப் போல ஒவ்வொரு முறை அவர் கிளட்ச் மிதிக்கும்போதும் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தேன்.

வாஷியில் இருந்து மாட்டுங்கா வந்து சேரும்போது 312 கோடுகள். காலி வண்டியுடன் திரும்பிப் போகும்போது 208. ஒரு நடைக்கு 520. அண்ணாச்சி ஒரு நாளைக்கு இரண்டு நடை அடிக்கிறார். அதாவது 1,040 முறை. ஒரே கால், ஒரே முட்டி. அந்தக் கால் தேயாமல் வேறு எது தேயும்?

ஆகவே தானியங்கி கியர் வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது சொகுசுக்காக அல்ல. வேலை செய்து சாப்பிடும் ஆசையால்தான். இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பட்டறையில் சொல்லாதது

ஆனால் அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன். காரணங்களை வாசகர்களுக்கும் சொல்லுகிறேன். இதே யோசனையில் இருக்கும் டிரைவர்கள் நம்மவர்களில் வேறு பலரும் இருக்கக்கூடும்.

கியர் மாற்றுவது என்றால் ஒரு பெட்டியைக் கழற்றி இன்னொரு பெட்டியை மாட்டுவது அல்ல. சாதாரண வண்டியில் எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே கிளட்ச் தட்டு இருக்கிறது. தானியங்கியில் அந்த இடத்தில் எண்ணெய் நிரம்பிய ஒரு சுழல் உருளை இருக்கிறது. டார்க் கன்வர்ட்டர் என்பார்கள். அதற்காகப் பின்னால் உள்ள கனமான சக்கரத்தையும் மாற்ற வேண்டும். பெட்டியின் நீளம் மாறினால், பின் அச்சுக்குப் போகும் தண்டை வெட்டியோ நீட்டியோ சமநிலை பார்க்க வேண்டும். பெட்டியைத் தாங்கும் குறுக்குச் சட்டம் இடம் மாறும். எண்ணெய் கொதிக்காமல் இருக்கத் தனிக் குளிர்விப்பான் வேண்டும்.

இவையெல்லாம் இரும்பு வேலை. கைத்திறன் உள்ள பட்டறைக்காரர் செய்துவிடுவார். அதற்கு மேல் மூளை வேலை இருக்கிறது. அண்ணாச்சியின் வண்டி 2021-ம் ஆண்டு வண்டி. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ்-6 புகை விதி வந்த பிறகு, டீசல் எஞ்சினின் ஒவ்வொரு துளி எண்ணெயையும் கம்ப்யூட்டர்தான் அளந்து விடுகிறது. புதிய கியர் பெட்டிக்கு அதன் சொந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று பேச வேண்டும். ஒரு கம்பெனியின் எஞ்சினும் வேறு கம்பெனியின் பெட்டியும் எந்தப் பாஷையில் பேசும்?

அமெரிக்காவில் இந்த மாற்றத்தை வீட்டுக் கொட்டகையிலேயே செய்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். அங்கே ஒரே கம்பெனி ஒரே பிக்கப்பை இரண்டு விதமாகவும் விற்று வந்திருக்கிறது. அதனால் அடிபட்ட ஒரு தானியங்கி வண்டியை முழுசாக வாங்கி, பெட்டி, கம்ப்யூட்டர், ஒயர், பெடல், தண்டு அத்தனையும் எடுத்து மாட்டுகிறார்கள். அண்ணாச்சியின் வண்டியில் தானியங்கி மாடலே கிடையாது. ஆகவே குர்லா பழைய சாமான் சந்தை முழுவதும் அலைந்தாலும் அதற்கு ஜோடி கிடைக்காது. ஐந்து பேர் ஏறும் காருக்காகச் செய்த பெட்டியின் தலையில் ஒன்றரை டன் வெங்காயத்தை ஏற்றினால், நெரிசலில் ஊர்ந்து போகும்போதே எண்ணெய் கொதித்துவிடும்.

இன்னும் இரண்டு விஷயங்கள். பாட்டரி இறங்கினால் நான்கு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்வது நம் வழக்கம். டார்க் கன்வர்ட்டர் வண்டியில் அது நடக்காது. வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுத்துப் போவதும் கூடாது. எஞ்சின் ஓடாவிட்டால் பெட்டிக்குள் எண்ணெய் ஓடாது. சக்கரம் சுற்றச் சுற்ற உள்ளே தீய்ந்துவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி நிர்ணயித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்தமாகச் சொன்னது. அதே ஆண்டில் செய்த சட்டத்திருத்தப்படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டியின் சொந்தக்காரருக்கு 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் விதிக்கலாம். இந்தத் தண்டனை சொந்தக்காரருக்கு என்பதைக் கவனிக்க வேண்டும்.

சரக்கு வண்டிக்கு முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவையும், அதன் பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அங்கே மாட்டிக்கொள்ளலாம். அங்கே தப்பினாலும், ஒரு விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்டுப் போகும்போது, "வண்டியை எங்களைக் கேட்காமல் மாற்றியிருக்கிறாய்" என்று கையை விரிக்க அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். கடன் தவணை மட்டும் நிற்காது.

இந்தக் கண்டிப்பு தேவைதான். ரயில்வேயில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு வேகனின் பிரேக் அமைப்பை யார் வேண்டுமானாலும் தம் இஷ்டத்துக்கு மாற்றிவிட முடியாது. லக்னோவில் உள்ள ஆராய்ச்சி, வடிவமைப்பு அமைப்பு வகுத்த அளவுப்படிதான் அது இருக்க வேண்டும். தண்டவாளத்துக்குப் பொருந்தும் நியாயம் தார்ச்சாலைக்கும் பொருந்தும். சாலையில் நடப்பவர்களும் மனிதர்கள்தானே.

எனக்கு ஒரு நீதி, அவருக்கு ஒரு நீதி

ஆனால் இத்தோடு பேச்சை முடித்துக்கொண்டால் என் மனசாட்சி ஒப்பாது.

ரயில் ஓட்டும் ஊழியர் ஒருவர் மருத்துவப் பரிசோதனையில் தவறினால் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவதில்லை. வேறு வேலைக்கு மாற்றுகிறார்கள். அரசு வேலையில் இருக்கும்போது உடல் ஊனமானவரை நீக்கக்கூடாது, அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும் என்று 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமே சொல்கிறது. என் முழங்கால் கெட்டால் எனக்கு வேறொரு நாற்காலி இருக்கிறது. அண்ணாச்சிக்கு இருப்பது அந்த ஒரே இருக்கைதான்.

மோட்டார் வாகனச் சட்டத்திலும் ஒரு வாசல் இருக்கிறது. உடல் ஊனமுற்றவர் தம் உபயோகத்துக்காக வண்டியை மாற்றி அமைத்துக்கொண்டு, பதிவு அதிகாரியிடம் ஒப்புதல் பெறலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆயிரம் முறை கிளட்ச் மிதித்து மூட்டு தேய்ந்து கொண்டிருப்பவரைப் பற்றி அங்கே பேச்சில்லை. கால் போனவருக்கு வாசல் திறந்திருக்கிறது. கால் போய்க்கொண்டிருப்பவர் வெளியே நிற்கிறார்.

இது முடியாத காரியமா? இல்லை. 2014-ல் மாருதி செலேரியோ கார் வந்தபோது, சாதாரண கியர் பெட்டியையே வைத்துக்கொண்டு, கிளட்ச் மிதிப்பதையும் கியர் போடுவதையும் ஒரு கருவி செய்யும் முறை குறைந்த விலைக் காருக்கே வந்துவிட்டது. மும்பையில் ஓடும் பெஸ்ட் மின்சார பஸ்களில் கிளட்சே கிடையாது. 2022-ல் இங்கே விற்பனைக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பிலும் தானியங்கி உண்டு. ஆனால் அது வசதி படைத்தவர்கள் மலை ஏறிப் பார்க்க வாங்கும் வண்டி. வெங்காய மூட்டைக்குக் கட்டுப்படியாகாது.

காருக்கு வந்தது, பஸ்ஸுக்கு வந்தது, பணக்காரரின் பிக்கப்புக்கும் வந்தது. ஊருக்குக் காய்கறி கொண்டுவரும் டீசல் பிக்கப்புக்கு மட்டும் வந்தபாடில்லை. விலை ஏறும், ரிப்பேர் கடினம், வாங்க ஆள் இல்லை என்று கம்பெனிகள் சொல்லலாம். விலை ஏறும் என்பது உண்மைதான். ஆனால் ஆள் இல்லை என்பதை ஏற்க மாட்டேன். 1 லட்சத்து 60 ஆயிரம் கொடுத்துச் சட்டவிரோதமாகவாவது மாற்றிக்கொள்ள ஒருவர் தயாராக இருக்கிறார் என்றால், அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

செய்ய வேண்டியது

புதிதாகத் தயாராகும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயம் என்று மத்திய அரசு உத்தரவிட்டிருக்கிறது. டிரைவரின் உடம்பும் வண்டியின் ஒரு பாகம்தான் என்று அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது. வரவேற்க வேண்டிய விஷயம். அந்த அக்கறை 3.5 டன்னோடு நின்றுவிடக் கூடாது. நம்மவர்களில் பலர் ஓட்டுவது அதற்குக் கீழே உள்ள குட்டி யானைகளையும் பிக்கப்புகளையும்தான்.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்கிறேன். சிறிய சரக்கு வண்டிகளிலும் கிளட்ச் இல்லாத ஒரு மாடலைக் கட்டுப்படியாகும் விலையில் கம்பெனிகள் கொண்டுவர வேண்டும். சி.என்.ஜி. மாற்றத்துக்கு அங்கீகரித்த கருவிகள் இருப்பதைப் போல, ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கும் சோதித்து அங்கீகரித்த தானியங்கி கிளட்ச் கருவிக்கு அரசு வழி செய்ய வேண்டும். மின்சாரச் சரக்கு வண்டிகள் இப்போது சாலைக்கு வந்துவிட்டன. அவற்றிலும் கிளட்ச் இல்லை. ஒற்றை வண்டிக்காரருக்கு அதற்கான கடனும், மார்க்கெட் வாசலிலேயே சார்ஜ் செய்யும் வசதியும் கிடைக்க வேண்டும்.

டிரைவர் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. கிளட்ச் பெடல் இரும்பாகக் கனத்தால், முதலில் கிளட்ச் தட்டையும் கேபிளையும் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்த கிளட்ச் காலைக் கொல்லும். சிக்னலில் நிற்கும்போது நியூட்ரலில் போட்டுவிட்டுக் காலை எடுங்கள். பெடலை முழுக்க மிதிக்கும்போதும் முட்டி லேசாக மடங்கி இருக்கும்படி இருக்கையைத் தள்ளிப் போடுங்கள்.

அண்ணாச்சி முன்பணம் கொடுக்கவில்லை. 16 ஆயிரம் ரூபாயில் புதிய கிளட்ச் செட் மாற்றினார். பெடல் கனம் குறைந்திருக்கிறது. வலி நிற்கவில்லை. இரண்டாவது நடையை இப்போது தங்கை மகன் ஓட்டுகிறான். அவனுக்குச் சம்பளம் கொடுத்த பிறகு தவணைக்கே இழுபறி.

நேற்று படிக்கட்டில் பார்த்தேன். ஒவ்வொரு படியிலும் வலது காலை முதலில் வைத்து, இடது காலை அதன் பக்கத்தில் இழுத்து வைத்து ஏறி வந்தார்.

"நீங்க சொன்னதைக் கேட்டுட்டேன் தம்பி. இனி எனக்கு என்ன வழின்னு உங்க பேப்பர்ல எழுதிக் கேளுங்க" என்றார்.

கேட்டுவிட்டேன். பதில் சொல்ல வேண்டியவர்கள் சொல்வார்களா?