பிரித்துப் பார்த்தால் பயமில்லை!



டிசம்பர் 22 வந்தால் போதும். கணித தினம் என்று மேடை போட்டு, ராமானுஜன் படத்துக்கு மாலை போட்டு, 1729 கதையை ஒருவர் பேசிவிட்டுப் போவார். நாமும் கைதட்டுவோம். மறுநாள் கணக்குப் பீரியடில், "நமக்கெல்லாம் கணக்கு வராதுப்பா" என்று கடைசி பெஞ்சுக்குப் போய்விடுவோம். இது என்ன நியாயம்?

1729-ஐக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். 1915-இல் லண்டன் கணிதச் சங்க இதழில் ராமானுஜன் எழுதிய கட்டுரையில் வேறொரு எண் இருக்கிறது: 67,46,32,83,88,800. ஆறே முக்கால் லட்சம் கோடிக்குக் கொஞ்சம் குறைவு! நம்ம கால்குலேட்டரில் இதன் கடைசி இலக்கங்கள் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் பிரித்துப் பாருங்கள். 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5 இரண்டு முறை, 7 இரண்டு முறை, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. இவற்றைப் பெருக்கினால் வருவதுதான் அந்தப் பூதம்.

இதற்கு எத்தனை காரணிகள்? ஒவ்வொரு 'முறை'யோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும். 7×5×3×3×2×2×2×2×2 = 10,080. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இப்படிப்பட்ட எண்களை ஆராய்ந்ததற்காகத்தான் 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது.

"சரிப்பா, இதெல்லாம் டிப்ளமோகாரனுக்கு எதுக்கு?" என்று கேட்பீர்கள். ஒர்க்‌ஷாப்புக்கு வாருங்கள். மில்லிங் மெஷினில் இண்டெக்ஸிங் ஹெட்டின் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் வேலைத்துண்டு ஒரு சுற்று சுற்றும். 30 பல் கியர் வெட்டணுமா? 40-ஐ 30-ஆல் வகுத்து, ஒரு முழுச் சுற்றும் 15 துளை வட்டத்தில் 5 துளையும் நகர்த்தினால் முடிந்தது. 53 பல் என்றால்? 53 பகா எண். பிளேட்டில் 53 துளை வட்டம் இல்லாவிட்டால் டிஃபரன்ஷியல் இண்டெக்ஸிங்தான் கதி! ராமானுஜன் பார்த்த அதே காரணிதான் இங்கே இரும்பில் பேசுகிறது.

ஆனால் நமக்கு மாடியில் கணக்கு, கீழே மெஷின். இரண்டுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. சூத்திரத்தை மனப்பாடம் பண்ணுகிறோம், பரீட்சையில் மறந்துபோகிறோம். நம்மில் பலர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். கணக்கில் இரண்டு அரியர் விழுந்தால், "படிச்சது போதும், அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போ" என்று சொல்லிவிடுவார்கள். அங்கே போனாலும் அதே கியர், அதே 40! கணக்கிடம் இருந்து எங்கே ஓடுவது?

எனவே நம் மாணவர் மன்றம் ஒன்று கேட்கட்டும். காரணிகள் பாடத்தை ஒரு பீரியடாவது மில்லிங் மெஷின் முன்னால் நிறுத்தி நடத்த வேண்டும். நாமும் கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன் எண்ணைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

இன்னொரு சேதி. ராமானுஜன் தந்த பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப் போயிருக்கிறது: 2,93,31,86,25,600. மேலே சொன்ன பெரிய எண்ணை 23-ஆல் வகுத்துப் பாருங்கள், அதுவே வரும்! அந்த மேதைக்கே ஒன்று கைநழுவியிருக்கிறது. அதனால் அவர் கணக்கை விட்டுவிடவில்லை. ஒரு அரியர் விழுந்ததற்காக நாம் மட்டும் விடலாமா? சிந்திப்போம்!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை,
குத்தம்பாக்கம்