நதிமூலம், ரிஷிமூலம், குடிமூலம்

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கலாகாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். சொன்னவர்கள் கெட்டிக்காரர்கள். வியாசரின் தாய் ஓடம் விட்ட பெண். சத்தியகாமனின் தாய், மகனுக்குத் தகப்பன் கோத்திரம் எதுவென்று தனக்கே தெரியாது என்று சொன்னவள். அந்தப் பதிலை அப்படியே போய்ச் சொன்ன பையனைக் கௌதமர் வாசலோடு திருப்பி அனுப்பவில்லை. உண்மை பேசிய வாய் என்பதற்காகவே சிஷ்யனாகச் சேர்த்துக்கொண்டார். நதியின் கதையும் அதுதான். நொய்யலில் புதுவெள்ளம் வந்த காலத்தில், அது வெள்ளியங்கிரியில் எந்தப் பாறை இடுக்கில் கசிந்த தண்ணீர் என்று விசாரித்துவிட்டா நம் பாட்டன்மார் மடையைத் திறந்தார்கள்?

ரிஷிக்கும் நதிக்கும் தாராளமாகக் கொடுத்த இந்தச் சலுகையை நம் வீட்டுப் பாட்டிகளுக்கு மட்டும் ஏன் கொடுக்க மறுக்கிறோம்? இதுதான் என் கேள்வி.

கோவையிலும் ஈரோட்டிலும் நாமக்கல்லிலும் இப்போது வம்சாவளி எழுதும் ஆர்வம் கிளம்பியிருக்கிறது. குலதெய்வக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் என்றால், மலரோடு கூட ஒரு வம்சாவளியும் அச்சாகிறது. வழவழப்பான தாளில் ஒரு மரம். அதன் கிளைகளில் ஆண்களின் பெயர்கள். நல்ல காரியந்தான். தன் முன்னோர் யார் என்று அறிய விரும்புவது மனித சுபாவம். அதை நான் பழிக்க மாட்டேன். ஆனால் அந்த மரத்தில் சந்தேகம் என்று ஓர் இலைகூட இல்லையே, அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

சில மாதங்களுக்கு முன் ஒரு பெரியவர் என்னைத் தேடி வந்தார். பல்லடம் பக்கத்துக்காரர், வசதியான குடும்பம், பழகுவதற்கு மிக நல்லவர். கையில் தம் குடும்ப வரலாறு, நூறு பக்கத்துக்குக் கைப்பிரதி. அதைக் கொஞ்சம் நல்ல தமிழில் திருத்திக் கொடுக்க வேண்டும் என்றார். அதற்கு ஆதாரமான பழைய கணக்கு நோட்டு ஒன்றையும் கொண்டு வந்திருந்தார். அந்த நோட்டில், விதை நெல் கணக்குக்கும் மாடு வாங்கிய கணக்குக்கும் நடுவே ஒரு வரி இருந்தது. தாது வருஷத்தில் ராசிபுரத்துப் பக்கமிருந்து வந்த கூட்டத்தில் தனியே நின்ற ஆறு வயசுப் பையனைப் பெரியாத்தா எடுத்து வளர்த்ததாக எழுதியிருந்தது. அந்தப் பையன்தான் பெரியவரின் பாட்டனாருக்குத் தகப்பனார்.

"ஏனுங்க, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துப் போட்டுறலாமுங்களா?" என்றார்.

"ஏன், அதிலே என்ன தப்பு?" என்றேன்.

"தப்பு ஒண்ணுமில்லீங்க. எங்க அப்பாரோட அப்பன் வெட்டின கெணத்துத் தண்ணியைத்தானுங்க இன்னிக்கும் குடிக்கிறோம். ஆனாலும் நாளைக்குப் பேரனுக்குப் பொண்ணு எடுக்கோணுமில்லீங்களா? அந்தப் பையன் ஆரு பெத்த பிள்ளைன்னு ஒரு கேள்வி வந்துருமுங்க."

மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். பொய் எழுதுவது என் தொழில்தான். ஆனால் மேலே 'நாவல்' என்று தலைப்புப் போட்டுவிட்டுத்தான் எழுதுவேன். வரலாறு என்று தலைப்புப் போட்டுக்கொண்டு அதைச் செய்ய எனக்குத் துணிவில்லை.

அவருடைய பயத்தை நான் ஏளனம் செய்யவில்லை. நம் பக்கத்தில் ஒரே கூட்டத்துக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்று தெரிந்தால்தான் கல்யாணப் பேச்சையே எடுக்க முடியும். தகப்பன் வழி என்பது இங்கே வெறும் பெருமை அல்ல, நடைமுறைத் தேவையுங்கூட. ஆனால் அந்தப் பையனின் விஷயத்தில் இந்தச் சிக்கலைப் பெரியாத்தாவே தீர்த்துவிட்டாள். அவனைத் தன் வீட்டுப் பிள்ளையாக வளர்த்தாள்; அந்தக் கூட்டத்துப் பிள்ளையாகக் கோயிலில் பொங்கல் வைத்தாள்; வேறு கூட்டத்தில் அவனுக்குப் பெண் எடுத்தாள். அவளுடைய காலத்துப் பங்காளிகள் அதை ஒப்புக்கொண்டு, கோயில் வரியும் வாங்கினார்கள். அவர்கள் ஒப்புக்கொண்டதை ஒன்றரை நூற்றாண்டு கழித்து அவளுடைய வாரிசு ஒப்புக்கொள்ளக் கூசுவதுதான் விந்தை.

அந்தத் தாது வருஷம் என்ன என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைப் பஞ்சம் வாட்டியது. 1877ல், நிவாரண வேலைக்கு வந்த வயது வந்த ஆணுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று சர்க்கார் கூலியைக் குறைத்தது. திருச்செங்கோடும் ராசிபுரமும் அப்போது சேலம் ஜில்லாவைச் சேர்ந்தவை. 1871ஆம் வருஷத்து ஜனக்கணக்கில் அந்த ஜில்லாவில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881ல் எண்ணியபோது சுமார் 16 லட்சம். கோயமுத்தூர் ஜில்லாவில் சுமார் 17 லட்சத்து 63 ஆயிரம் என்பது 16 லட்சத்து 58 ஆயிரமாகக் குறைந்தது. குறைந்தவர்கள் எல்லோரும் செத்தவர்கள் என்றில்லை. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் உண்டு. வேறு சீமைக்குப் பிழைக்கப் போனவர்கள் உண்டு. ஆனால் பத்து வருஷத்தில் ஒரு ஜில்லாவின் ஜனத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காணாமற் போனால், எத்தனை குழந்தைகள் பாதையோரத்தில் நின்றிருக்கும்! எத்தனை புருஷன்மார் திரும்பி வராமற் போயிருப்பார்கள்! எத்தனை வீடுகளில் கதவைத் திறந்து, "உள்ளே வா, கண்ணு" என்று ஒரு கிழவி கூப்பிட்டிருப்பாள்!

இவற்றை எழுதி வைக்க அன்று யார் இருந்தார்கள்? பிறப்பையும் இறப்பையும் பதிந்தே தீர வேண்டும் என்று நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வந்தது 1969ல்தான். இந்த நிலையில், "இருபது தலைமுறையாக எங்கள் வழியில் ஒரு கலப்பும் இல்லை" என்று ஒருவர் அச்சடித்தால், அது சரித்திரமா, ஆசையா என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

நாம் கும்பிடுகிற சாமிகளையே எடுத்துக்கொள்வோம். பொன்னர் சங்கரைவிடக் கொங்குக் குடியானவனின் பெருமைக்கு வேறு சாட்சி உண்டா? அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடக் கேட்டு, ஊரே அழுதிருக்கிறது. பிரெண்டா பெக் என்ற ஆராய்ச்சியாளர் 1965ல் காங்கயம் வட்டாரத்தில் அந்தக் கதையை முழுவதும் ஒலிநாடாவில் பதிந்து, 1982ல் அதைப் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார். அவர் பதிந்த கதையில் அண்ணன்மாரின் தகப்பன் குன்னுடையாக் கவுண்டர் யார் தெரியுமா? பிள்ளையில்லாத தம்பதிக்குக் கல் குவியலின் அடியில் கிடைத்த குழந்தை. பசு பால் சொரிந்து காத்த குழந்தை. வளர்த்தவர்கள் கண் மூடியதும் பங்காளிகள் அவனைத் துரத்துகிறார்கள். மாடு மேய்த்துப் பிழைத்து, தாமரையைக் கைப்பிடித்து, மண்ணை மீட்கிறான். தாமரைக்கும் நெடுநாள் பிள்ளையில்லை. தவம் இருந்து ஈசனிடம் வரம் வாங்கித்தான் பொன்னரையும் சங்கரையும் தங்கத்தையும் பெறுகிறாள்.

ஆக, நம் மாபெரும் குடும்பக் கதையின் வேரில் இருப்பவன் கண்டெடுத்த பிள்ளை. கிளையில் இருப்பவர்கள் வரம் வாங்கிய பிள்ளைகள். அந்தக் கதையில் "இவன் யார் பெற்ற பிள்ளை?" என்று கேட்டு விரட்டுகிறவர்கள் யார்? நிலத்தில் கண் வைத்த பங்காளிகள்! கதை கேட்ட ஜனங்கள் ஒரு நாளாவது அந்தப் பங்காளிகள் பக்கம் நின்றதுண்டா? உடுக்கைச் சத்தம் கேட்கும்வரை குன்னுடையான் கட்சியில் இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து வம்சாவளி எழுதும்போது பங்காளி கட்சிக்குத் தாவிவிடுகிறோம்.

இது நம் நாட்டு வியாதி மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஆப்ரகாம் லிங்கன் 1809ல் அமெரிக்காவின் காட்டோரச் சீமையான கென்டக்கியில் பிறந்தவர். அங்கேயும் ஜனங்கள் ஓரிடத்தில் தங்காமல் மேற்கே மேற்கே நகர்ந்தார்கள். காகிதங்கள் ஒரு பக்கம், மனிதர்கள் ஒரு பக்கம். லிங்கனின் தாய் நான்ஸி ஹாங்க்ஸ் கல்யாணமாகாத தாய்க்குப் பிறந்தவள் என்று லிங்கனே தம்மிடம் சொன்னதாக அவருடைய வக்கீல் கூட்டாளி ஹெர்ண்டன் எழுதினார். லிங்கன் பெரிய மனிதரானதும் ஊர்வாய் அதோடு நிற்கவில்லை. அவருக்கே வேறு வேறு தகப்பன்களைக் கண்டுபிடித்தது. பெற்றோர் 1806ல் முறையாக மணந்துகொண்டதற்கான பத்திரம், தேடிய ஜில்லாவில் இல்லாமல் பக்கத்து ஜில்லாக் கச்சேரியில் கிடந்தது. லிங்கன் இறந்த பிறகுதான் வெளிப்பட்டது. இத்தனை தகப்பன்களையும் ஒவ்வொருவராக விசாரித்துத் தள்ளுபடி செய்ய, வில்லியம் பார்ட்டன் என்பவர் 1920ல் ஒரு முழுப் புத்தகம் எழுத வேண்டியிருந்தது. 2015ல் தாய் வழியாகவே இறங்கும் டி.என்.ஏ.யைச் சோதித்து, நான்ஸி, லூஸி ஹாங்க்ஸின் மகள்தான் என்று உறுதி செய்தார்கள். நான்ஸியின் தகப்பன் பெயர் மட்டும் இன்றுவரை நிரூபணமாகவில்லை. அதனால் அடிமைகளை விடுவித்த பிரகடனத்தில் ஓர் எழுத்தாவது அழிந்துவிட்டதா?

அவர்கள் புத்தகம் எழுதித் தீர்த்துக்கொண்டார்கள். நாம் புத்தகத்தை எரித்தோம். பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010ல் வெளிவந்தது. பிள்ளையில்லாத காளியும் பொன்னாளும், திருச்செங்கோட்டுத் தேர்த்திருவிழாவும், 'சாமி கொடுத்த பிள்ளை' என்ற சொல்லும் அந்த நாவலின் பொருள். நாலு வருஷம் ஒரு சத்தமும் இல்லை. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் அதன் பிரதிகளைக் கொளுத்தினார்கள். 2015 ஜனவரியில் அந்த ஆசிரியர் தாம் எழுத்தாளனாக இறந்துவிட்டதாக அறிவிக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார். 2016 ஜூலை 5ஆம் தேதி சென்னை உயர்நீதிமன்றம் நாவலுக்கு எதிரான வழக்கைத் தள்ளி, அவரை மறுபடி எழுதச் சொன்னது.

அந்த நாவலில் சொன்ன வழக்கம் நடந்ததா, இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமல்ல. நாவல் சாட்சிப் பத்திரம் அல்ல. எனக்கு வலிப்பது வேறு. நம் பெண்களின் மானம் போயிற்று என்று கொதித்தார்களே, அந்தக் கொதிப்பில் பொன்னாளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் இருந்ததா? மலடி என்று ஊரார் பேசினால் அவளுக்கு மானம் போகவில்லை. பந்தியில் ஒதுக்கினால் போகவில்லை. புருஷனுக்கு இரண்டாம் தாரம் பார்த்தால் போகவில்லை. பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் யார் என்ற கேள்வி எழுந்தபோதுதான் போயிற்றாம்! 'சாமி கொடுத்த பிள்ளை' என்ற வார்த்தையில் எவ்வளவு கருணை இருக்கிறது! அதைச் சொன்ன பிறகு எவனும் மேலே கேட்க முடியாது. தாய்க்கும் காவல், பிள்ளைக்கும் காவல்.

"அதெல்லாம் பழைய காலம், இப்போது பரிசோதனை இருக்கிறது, உண்மை தெரிந்துவிட்டுப் போகட்டுமே" என்று படித்தவர்கள் சொல்லக்கூடும். உயிரோடிருக்கும் பிள்ளை தன் தகப்பனைத் தெரிந்துகொள்ள விரும்பினால், அது அவன் விருப்பம். கைவிட்ட புருஷனிடம் ஒரு பெண் ஜீவனாம்சம் கேட்டால், அது அவள் நியாயம். அவற்றின் குறுக்கே நான் நிற்கவில்லை. ஆனால் சட்டங்கூட இங்கே நிதானமாகத்தான் நடக்கிறது. கல்யாண பந்தம் நீடிக்கையில் பிறந்த குழந்தை அந்தப் புருஷனுடையதே என்று 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 112ஆம் பிரிவு கொண்டது. இருவரும் கூடியிருக்க வாய்ப்பே இல்லை என்று காட்டினால்தான் விலக்கு. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய சட்டத்திலும் அது 116ஆம் பிரிவாகத் தொடர்கிறது. 2014ல் ஒரு வழக்கில் பரிசோதனை முடிவுக்கே முதலிடம் கொடுத்த உச்சநீதிமன்றம், 2023ல் மனைவியின் நடத்தையை நிரூபிப்பதற்காகக் குழந்தையைச் சோதனைக்கு இழுக்கும் வழக்கத்தைக் கண்டித்தது. பெரியவர்களின் சண்டையில் குழந்தை சாட்சிக் காகிதமாகிவிடக் கூடாது என்பதே அதன் கருத்து. உயிரோடிருக்கும் குழந்தைக்கு நீதிமன்றம் காட்டும் இந்தத் தயவை, வாய் திறந்து பதில் சொல்ல முடியாத செத்த பாட்டிக்கு நாம் காட்டக் கூடாதா?

மறைப்பதும் தயவுதானே, பெரியவர் அந்த வரியை நீக்கச் சொன்னதும் அதற்குத்தானே என்று கேட்பீர்கள். இல்லை. தோண்டுவது ஒரு குற்றமென்றால், எழுதி வைத்ததை அழிப்பது இன்னொன்று. அந்த வரி பெரியாத்தாவின் மேல் சுமத்திய பழி அல்ல. அவள் செய்த தர்மத்துக்கு இருக்கும் ஒரே ரசீது. அதைக் கிழித்தால் பஞ்சத்தில் கதவைத் திறந்தவள் போய்விடுவாள். மரத்தில் இன்னோர் ஆண் பெயர்தான் மிஞ்சும்.

இந்த வம்சாவளிகளைப் புரட்டும்போது இன்னொன்றும் கண்ணில் படும். பெண்களின் பெயர்களே அவற்றில் கிடையா. யார் தகப்பன் என்பதில் சந்தேகம் வரலாம். யார் தாய் என்பதில் ஊருக்குச் சந்தேகம் வந்ததில்லை. சந்தேகமில்லாததை விட்டுவிட்டுச் சந்தேகமுள்ளதை மட்டும் அச்சடித்து, அதற்கு வரலாறு என்று பெயர் சூட்டுகிறோம்.

வம்சாவளி எழுதுகிறவர்களை நான் நிறுத்தச் சொல்லவில்லை. எழுதுங்கள். பெற்றவளின் பெயரை எழுதுங்கள்; வளர்த்தவளின் பெயரையும் எழுதுங்கள். தகப்பன் பெயர் தெரியாத இடத்தில், இவன் இந்த வீட்டுப் பிள்ளை என்று எழுதுங்கள். பங்காளி வந்து கேட்டால், குன்னுடையாக் கவுண்டரின் தகப்பன் யார் என்று அவரை முதலில் சொல்லச் சொல்லுங்கள்.